ஆணி பூட்ஸும் பதினொண்ணாம் நம்பர் விதியும்

குத்துச்சண்டை பத்தி நம்ம மக்கள் எழுதற பதிவெல்லாம் படிச்சுப் பாத்தா ஒரு விஷயம் தெரியும். அலியோட வாய், டைசனோட கை, ஃப்ரேசியரோட இடது ஹூக். எல்லாமே இடுப்புக்கு மேல நடக்கற சமாச்சாரம். கால்ல என்ன மாட்டியிருந்தாங்கன்னு எழுத ஒருத்தரும் இல்ல. சரி, அந்தப் புண்ணியத்தை நானே கட்டிக்கறேன். ("எழுத வேற ஒண்ணுமே கிடைக்கலையா?"ன்னு வீட்டுல இருந்து குரல் வருது. கண்டுக்காதீங்க.)

ஷூவுல என்னய்யா வரலாறுன்னு கேப்பீங்க. இருக்குங்க. இன்னிக்கு நாம பாக்கற குத்துச்சண்டைக்கு அஸ்திவாரம் 1867ல வந்த குயின்ஸ்பெரி விதிகள். ஜான் கிரகாம் சேம்பர்ஸ்னு ஒருத்தர் எழுதினது. பேர் மட்டும் குயின்ஸ்பெரி பிரபுவுக்குப் போயிடுச்சு. (பின்னால 1895ல ஆஸ்கர் வைல்டு ஜெயிலுக்குப் போகக் காரணமா இருந்த அதே பிரபுதான். அது வேற கதை.) மூணு நிமிஷ ரவுண்டு, பத்து எண்றது, கையுறை எல்லாம் அதுலதான் வருது. மொத்தமே பன்னெண்டு விதி. அந்தப் பன்னெண்டுல ஒண்ணு முழுக்க முழுக்கக் காலுக்குன்னு ஒதுக்கியிருக்காங்க. பதினொண்ணாவது விதி. ஆணி வெச்ச ஷூவோ பூட்ஸோ கூடாது, அவ்வளவுதான்.

ஒரு விளையாட்டோட மொத்தச் சட்டமும் ஒரு பக்கத்துல அடங்கும்போது, அதுல ஒரு வரியைச் செருப்புக்குக் குடுத்திருக்காங்கன்னா சும்மா இல்ல.

அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு பாக்கணும். கிரேக்க, ரோமானியக் காலத்துக்குப் போனா கால்ல ஒண்ணுமே கிடையாது. 1885ல ரோம்ல தோண்டி எடுத்த வெண்கலச் சிலை ஒண்ணு இருக்கு, சண்டை முடிஞ்சு களைச்சு உக்காந்திருக்கற குத்துச்சண்டைக்காரன். மூக்கு உடைஞ்சு, காது வீங்கி, கையில தோல் வாரைச் சுத்திக்கிட்டு இருப்பான். கால் வெறுங்கால். மண்தரையில விரலைப் பரப்பி ஊன்றினா அதுவே போதும்.

நம்ம கதை ஆரம்பிக்கறது இங்கிலாந்துல. கையுறை இல்லாத வெறுங்கைச் சண்டைக்காலம். காசு பந்தயம் கட்டி நடக்கற சண்டை, சட்டப்படி குற்றம். மாஜிஸ்திரேட் ஆளோட வந்து கலைச்சுடுவார்னு ஊருக்கு வெளிய, ஏதாவது புல்வெளியாப் பாத்து, குச்சி நட்டுக் கயிறு கட்டி, அங்கயே நடத்திட்டு ஓடிடுவாங்க. இங்கிலாந்துப் புல்வெளி எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லணுமா? பாதி நாள் மழை, மீதி நாள் ஈரம். கூடவே அப்போ இருந்த விதிப்படி எதிராளியை இடுப்புக்கு மேல பிடிச்சுத் தூக்கிப் போடலாம். யார் கால் வழுக்குதோ அவன் கீழ, மத்தவன் அவன் மேல. அதனால எல்லாரும் கணுக்கால் வரைக்கும் லேஸ் கட்டற பூட்ஸ் போட்டு, அடியில ஆணி அடிச்சுக்கிட்டாங்க.

அந்த ஆணிக்கும் அளவு உண்டு தெரியுமா? 1838ல ஒரு சண்டையில பிரைட்டன் பில்னு கூப்பிடற வில்லியம் ஃபெல்ப்ஸ் செத்துப்போனதுக்கு அப்புறம் லண்டன் பிரைஸ் ரிங் விதிகள்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. உதைக்கக் கூடாது, கடிக்கக் கூடாது, கண்ணைத் தோண்டக் கூடாது. (அதுவரைக்கும் என்னென்ன நடந்திருக்கும்னு நீங்களே யூகிச்சுக்கோங்க.) அதோட திருத்தின பதிப்புல பூட்ஸ் பத்தியும் வருது. ஒரு பூட்ஸுக்கு மூணே மூணு ஆணி. ரெண்டு, சோல் அகலமா இருக்கற இடத்துல. ஒண்ணு குதிகால்ல. சோலுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கறது எட்டுல மூணு பங்கு அங்குலத்துக்கு மேல போகக் கூடாது, அதாவது ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. முனை எட்டுல ஒரு பங்கு அங்குலத்தை விடக் குறுகலா இருக்கக் கூடாது. ரெண்டாவது நிபந்தனையைக் கவனிங்க. நீளத்துக்கு அளவு வெச்சாச்சு, அப்புறம் முனைக்கு எதுக்கு? ஊசி மாதிரி தீட்டி எடுத்துட்டு வந்து எதிராளி பாதத்து மேல ஏறி நின்னுடுவானேன்னுதான்! சட்டம் எழுதினவங்களுக்கு ஆள் சுபாவம் நல்லாத் தெரிஞ்சிருக்கு.

இந்தப் புல்தரைச் சண்டையோட அந்திமக் காலத்துல ஒண்ணு நடந்துச்சு. 1888 மார்ச் 10. பிரான்ஸ்ல ஷாந்தியி பக்கத்துல ராத்ஸ்சைல்டு குடும்பத்துக்குச் சொந்தமான நிலம். ஒரு பக்கம் அமெரிக்காவோட ஜான் எல். சல்லிவன், வலது கை விழுந்தா மாடு சாயும்கற ரகம். இன்னொரு பக்கம் சார்லி மிட்செல்ங்கற இங்கிலீஷ்காரர், ஆள் சின்னவர், ஓடறதுல கில்லாடி. மழை. கொஞ்ச நேரத்துல ரிங் சேத்துக் குளம். ஒருத்தர் ஓட, இன்னொருத்தர் துரத்தன்னு மூணு மணி நேரத்துக்கு மேல போச்சு. முப்பத்தொம்பது ரவுண்டு. கடைசியில ரெண்டு பேரும் குளிர்ல நடுங்கிப்போய் டிரான்னு கைகுலுக்கிட்டாங்க. சல்லிவனோட பலம் எல்லாம் அந்தச் சேத்துல போயிடுச்சு. தரை பிடி குடுக்கலைன்னா மலையைப் புரட்டறவன் கையும் வெறும் கைதான். அடுத்த வருஷம் ஜூலை 8ம் தேதி, மிசிசிப்பியில ரிச்பர்க்ங்கற இடத்துல கொளுத்தற வெயில்ல ஜேக் கில்ரெய்னை எழுபத்தஞ்சு ரவுண்டு அடிச்சு அதே சல்லிவன் ஜெயிச்சார். வெறுங்கையில நடந்த கடைசி ஹெவிவெயிட் பட்டச் சண்டை அது. 1892ல நியூ ஆர்லியன்ஸ்ல கையுறை போட்டு, குயின்ஸ்பெரி விதியில ஜிம் கார்பெட்டோட மோதினார். கார்பெட் இவரை விட எடை கம்மி, ஆனா கால் சும்மாவே இருக்காது. இருபத்தோராவது ரவுண்டுல சல்லிவன் கதை முடிஞ்சது. கால் வேலைங்கறது தனிக் கலைன்னு ஊருக்கே உறைச்சது அன்னிக்குத்தான்.

மறுபடி பதினொண்ணாம் விதிக்கு வர்றேன். இங்கிலீஷ்ல அந்த வரியில 'ஸ்பிரிக்'னு ஒரு வார்த்தை வரும். செருப்புத் தைக்கறவங்க அடிக்கற தலையில்லாத சின்ன ஆணிக்கு அந்தப் பேர். பல இடத்துல அதை 'ஸ்பிரிங்'னு மாத்தி அச்சடிச்சுட்டாங்க. அதைப் படிச்சுட்டு, அந்தக் காலத்துல பாக்ஸருங்க ஷூவுல ஸ்பிரிங் வெச்சுத் துள்ளித் துள்ளிக் குத்தினாங்க போலன்னு நம்பறவங்க இன்னிக்கும் இருக்காங்க. கற்பனை பண்ணிப் பாத்தேன், டாம் அண்ட் ஜெர்ரி மாதிரி நல்லாத்தான் இருக்கு :-)

ஆணியைத் தூக்கினதுக்குக் காரணம் இரக்கம் மட்டும் இல்லைங்கறது என் கட்சி. சண்டை புல்வெளியை விட்டு டிக்கெட் போட்ட ஹாலுக்குள்ள வருது. கீழ மரப்பலகை, மேல இழுத்துக் கட்டின கேன்வாஸ் துணி. அதுல ஆணி பூட்ஸோட ஏறினா துணியும் கிழியும், காலும் மாட்டிக்கும். இன்னிக்கும் அமெச்சூர் விதிகள்ல ஷூ பத்தி இருக்கறது கிட்டத்தட்ட இதேதான்: லேசா இருக்கணும், ஆணி கூடாது, உசந்த குதிகால் கூடாது. நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆகியும் மாறல.

ஆனா ஆணி போனதும் ஒரு புதுப் பிரச்சினை கிளம்பிச்சு. பிடிமானத்துக்கு என்ன பண்றது? இந்த இடத்துலதான் பாக்ஸிங் ஷூவோட மொத்த சூட்சுமமும் இருக்கு, அதனால கொஞ்சம் நின்னு பாத்துட்டுப் போவோம்.

வலது கையால நேராக் குத்தறப்போ, பின்னாடி இருக்கற வலது கால்தான் முதல்ல தரையை உதைக்குது. அந்த உதை இடுப்பு வழியா ஏறி, தோள் வழியா வந்து முஷ்டியில இறங்குது. 1985ல சோவியத் ஆராய்ச்சியாளர்கள் 120 பாக்ஸர்களை வெச்சு அளந்து பாத்தாங்க. நல்லாத் தேறினவங்க குத்துல காலோட பங்கு நூத்துக்கு 38. கத்துக்குட்டிகள்கிட்ட 16, 17தான். அவங்க காலை விட உடம்பையும் கையையும்தான் அதிகமா நம்பிக் குத்தறாங்க. ஆக, உதைக்கற நேரத்துல ஷூ தரையைக் கவ்வணும். ஆனா அதே நொடியில குதிகால் வெளிப்பக்கமாத் திரும்பணும், முன்பாதத்து மேல கால் சுழலணும். அப்போ ஷூ விடணும். விடலைன்னா பாதம் அங்கயே நிக்கும், உடம்பு திரும்பும், நடுவுல மாட்டிக்கிட்டு முறுக்கு வாங்கறது முழங்கால். பிடிக்கவும் வேணும், விடவும் வேணும். ஆணிக்குப் பிடிக்க மட்டும்தான் தெரியும். மொழுமொழுன்னு இருக்கற தோல் சோலுக்கு விட மட்டும்தான் தெரியும்.

பழைய ஆளுங்க இதுக்குக் கண்டுபிடிச்ச வழி ராசின். வயலின்காரங்க வில்லுல தேய்ப்பாங்களே, அதே பைன் மரப் பிசின். அதைப் பொடி பண்ணி ரிங் மூலையில ஒரு தட்டுல வெச்சிருப்பாங்க. ஏறினதும் ரெண்டு காலையும் அதுல தேய்ச்சுட்டுத்தான் சண்டை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்ல மூலையில நின்னு மாடு மாதிரி காலைச் சீய்க்கறாங்களேன்னு நான் நினைச்சிருக்கேன். விஷயம் இதுதான். தனக்கு எவ்வளவு பிடி வேணுமோ அவ்வளவு தேய்ச்சுக்கலாம். ரப்பர் சோல் வந்ததுக்கு அப்புறம் அந்த வேலையை ரப்பரே பாத்துக்குது. மெல்லிசா, தட்டையா, குதிகாலும் முன்பாதமும் ஏறக்குறைய ஒரே மட்டத்துல இருக்கற சோல். தரை காலுக்குத் தெரியணும், அதான் கணக்கு.

இங்க ஒரு சொந்தக் கதை. எங்க சித்தி பையன் போன வருஷம் பாக்ஸிங் கிளாஸ்ல சேந்தான். "அண்ணா, ரன்னிங் ஷூ புதுசா வாங்கினது இருக்கு, நாலாயிரம் ரூவா, அதுவே போதும்ல?"ன்னான். போதாதுடான்னேன். ஓடற ஷூ நேரா முன்னாடி போறதுக்குச் செஞ்சது. குதிகால்ல மெத்து மெத்துன்னு உசரமா வெச்சிருப்பான், பக்கவாட்டுல திடீர்னு கால் மாத்தினா அந்த மெத்தையே கணுக்காலைச் சாய்ச்சு விட்டுடும். அடியில வெட்டு வெட்டா இருக்கற ரப்பரு சுழல விடாது. சொகுசுதான், ஆனா வேற வேலைக்கான சொகுசு. மல்யுத்த ஷூ பரவாயில்ல, பாக்க அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், நிறையப் பேர் போட்டுக்கறாங்க. ஆனா எதிராளியைத் தள்ளணுமேன்னு அதுல பிடி ஒரு படி தூக்கலா இருக்கும்.

அவனைக் கடைக்குக் கூட்டிட்டுப் போய் நான் பாத்தது இவ்வளவுதான். சாயங்காலம் போனோம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கற நேரம். ரிங்ல போடப்போற அதே சாக்ஸைப் போட்டுப் பாக்கச் சொன்னேன். குதிகால் உள்ள தூக்கக் கூடாது, விரல் நுனி இடிக்கக் கூடாது, விரலைப் பரப்ப இடம் இருக்கணும். பாக்ஸிங் ஷூ பொதுவாவே ஒடுக்கமா இருக்கும், நம்மாளுங்க கால் செருப்புப் போட்டு வளந்த அகலக் கால், அதனால நம்பரை நம்பிக் கண்ணை மூடிட்டு வாங்க முடியாது. அப்புறம் கடைக்குள்ளயே நின்னு, முன்பாதத்துல ஊனிக் குதிகாலைத் திருப்பிப் பாக்கச் சொன்னேன். கடைக்காரர் ஒரு மாதிரியாப் பாத்தார். பாத்தா பாக்கட்டும். மூணாவது ஜோடிதான் சரியா வந்துச்சு. கடையிலயே விலை கம்மியானது அதுதான்.

அவன் கேட்ட இன்னொரு கேள்வி: உசரமா கணுக்காலை மூடினா சுளுக்காதா? எல்லாரும் அப்படித்தான் நம்பறாங்க, பெட்டி மேலயும் அப்படித்தான் போட்டிருக்கான். அமெரிக்காவுல காலேஜ் பசங்க 622 பேரைக் கூடைப்பந்து ஆட விட்டு, சிலருக்கு உசர ஷூ, சிலருக்குக் குட்டை ஷூன்னு சீட்டுக் குலுக்கிக் குடுத்து ஒரு சீசன் முழுக்கக் கணக்கெடுத்தாங்க, 1993ல வெளிவந்த ஆய்வு. கணுக்கால் சுளுக்குல சொல்லிக்கற மாதிரி வித்தியாசமே இல்ல. கூடைப்பந்து வேற, குத்துச்சண்டை வேறங்கறதை ஒத்துக்கறேன். ஆனா பாக்ஸிங் பூட்ஸ் ஏன் உசரமா இருக்குன்னா, மருத்துவரு யாரும் சொல்லி இல்ல, அந்தச் சேத்து வயல்ல போட்ட கணுக்கால் பூட்ஸோட வாரிசுங்கறதாலதான்னு எனக்குப் படுது. லேஸை இழுத்துக் கட்டினா கால் எங்க நிக்குதுன்னு ஒரு நிதானம் கிடைக்கும், அது நிஜம். அதுக்காக முழங்கால் வரைக்கும் வாங்கணும்னு அவசியம் இல்ல.

சரி, வரலாறு. 1960கள் வரைக்கும் பெரும்பாலும் கறுப்புத் தோல் பூட்ஸ்தான், கவனிக்க ஒண்ணும் இல்ல. அலி வந்தார், வெள்ளை ஷூ வந்துச்சு. அந்தாளு கால் ஓடற ஓட்டத்துக்கு வெள்ளைதான் கண்ணுல படும், அது அவருக்கும் தெரியும். 1966 நவம்பர்ல ஹூஸ்டன்ல கிளீவ்லண்ட் வில்லியம்ஸோட மோதினப்போதான் 'அலி ஷஃபிள்'னு ரெண்டு காலையும் கத்திரிக்கோல் மாதிரி முன்னும் பின்னும் படபடன்னு மாத்தற வித்தையைக் காட்டினார். மூணாவது ரவுண்டுல சண்டை க்ளோஸ்.

1971 மார்ச் 8, மாடிசன் ஸ்கொயர் கார்டன். அலி, ஃப்ரேசியர், ரெண்டு பேருமே அதுவரைக்கும் தோக்காதவங்க. இந்தச் சண்டைக்கு ரெண்டு பேருக்கும் ஷூ செஞ்சு குடுத்தது ஒரே ஆள், அடிடாஸ் கம்பெனியை ஆரம்பிச்ச ஜெர்மன்காரர் அடி டாஸ்லர். (அடிதடிக்குப் பொருத்தமான பேருதான்.) அலி தன் வெள்ளை ஷூவுல சிவப்புக் குஞ்சலம் கட்டியிருந்தார். கால் ஆடினா குஞ்சலம் ஆடும், பாக்கறவன் கண்ணு அங்க போகும். பதினஞ்சாவது ரவுண்டுல ஃப்ரேசியரோட இடது ஹூக் தாடையில இறங்கி அலி மல்லாக்க விழுந்தார். அந்தப் போட்டோவைப் பாத்திருப்பீங்க. ரெண்டு காலும் மேல, குஞ்சலம் ரெண்டும் காத்துல. அடுத்த தடவை பாக்கும்போது ஷூவை மட்டும் பாருங்க, அந்தக் குத்தோட எடை தெரியும். அலி உடனே எழுந்துட்டார், அது வேற, ஆனா தோத்தார்.

ஷூ எவ்வளவு நல்லா இருந்தாலும் தரை பாதிப் பங்கு கேக்கும். 1974 அக்டோபர் 30, கின்ஷாசா. ஜார்ஜ் ஃபோர்மேனைச் சுத்திச் சுத்தி ஆடியே சாய்க்கணும்னு அலி போட்ட திட்டம். ரிங் கேன்வாஸ் மெத்தை மாதிரி அமுங்குச்சு, ஃபோர்மேன் ஒரு எட்டு வெச்சா இவர் ரெண்டு மூணு எட்டு வெக்க வேண்டியிருக்கு. இப்படியே போனா கால் செத்துடும்னு முதல் ரவுண்டுலயே கணக்குப் போட்டுட்டுக் கயித்துல சாஞ்சுட்டார். மத்தது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, எட்டாவது ரவுண்டு.

அடுத்த வருஷம் மார்ச்ல சக் வெப்னர்னு ஒரு பேர் தெரியாத ஆள். ஒன்பதாவது ரவுண்டுல அலியைக் கீழ தள்ளிட்டார்! என் காலை மிதிச்சுட்டுக் குத்தினான்னு அலி கடைசி வரைக்கும் சாதிச்சார். வெப்னரோட ஷூ அலி ஷூ மேல இருக்கற போட்டோ ஒண்ணும் இருக்கு. நான் அலி கட்சிதான். ஆனா அந்தச் சண்டையைப் பாத்துட்டுத்தான் ஸ்டாலோன் உக்காந்து 'ராக்கி' கதையை எழுதினார், 1976ல படம் வந்துச்சு. மிதிச்சதாவே இருக்கட்டும், ஆணி இல்லாத காலமாப் போச்சேன்னு அலி சந்தோஷப்பட்டிருக்கணும்.

டைசன் இந்த அலங்காரம் எல்லாத்தையும் கழட்டிப் போட்டவர். கறுப்பு டிரவுசர், கறுப்பு ஷூ, சாக்ஸே கிடையாது. 1986ல பெர்பிக்கை ரெண்டாவது ரவுண்டுல சாய்ச்சு, இருபது வயசுல பட்டம் வாங்கினப்பவும் அதே கோலம்தான். பழைய கால வீரர்கள் மாதிரி இருக்கணும்னு அவருக்கு ஆசை. பாக்கறதுக்குப் பயங்கரம்தான், ஒத்துக்கறேன். ஆனா நம்ம ஊர் வேர்வைக்கு சாக்ஸ் இல்லாம மட்டும் முயற்சி பண்ணிடாதீங்க, ஒரு வாரத்துல கொப்புளம் வந்து நொண்டுவீங்க.

கால் விஷயத்துல ரொம்ப அவமானப்பட்ட ஆள் டேவிட் ஹேய். 2011 ஜூலை 2, ஹாம்பர்க், எதிரில விளாடிமிர் கிளிச்கோ. மாசக்கணக்குல வாயால வெட்டினார் ஹேய். பன்னெண்டு ரவுண்டு முடிஞ்சப்போ மூணு நடுவரும் கிளிச்கோ பக்கம், 117-109, 118-108, 116-110. அப்புறம் பத்திரிகைக்காரங்க முன்னாடி ஷூவைக் கழட்டி வலது கால் சுண்டு விரலைக் காட்டினார். உடைஞ்சு போச்சு, அதனால பின்னங்காலால உதைச்சுக் குத்த முடியலன்னார். உலகமே கெக்கலி கொட்டிச் சிரிச்சது. இன்னிக்கும் குத்துச்சண்டை ரசிகர்கள்கிட்ட 'சுண்டு விரல்'னா போதும்.

நான் பாதி சிரிச்சேன். மேல சொன்ன அந்த 38 சதவீதம் எங்க இருந்து வருது? வலது கையால குத்தறவனுக்கு வலது முன்பாதத்துல இருந்துதான். அதுல ஒரு விரல் போனா, மெல்லிசு சோல் ஷூவுக்குள்ள ஒவ்வொரு உதைக்கும் உயிர் போகும். ஆனா அன்னிக்கு ஹேய் தோத்ததுக்குக் காரணம் கிளிச்கோவோட உசரமும் இடது கையும்தான். விரல் நல்லா இருந்திருந்தா இன்னும் நாலு குத்து கூட விட்டிருப்பார், அவ்வளவுதான். சரியான காரணத்தைத் தப்பான நேரத்துல சொல்லி மாட்டிக்கிட்ட மனுஷன்.

ஒரு உதவி வேணும் மக்களே. 1980ல அலி மெட்ராஸ் வந்தார், நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட கண்காட்சிச் சண்டை போட்டார், எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். எல்லிஸும் லூயிவில்காரர்தான், 1971ல அலிகிட்ட நிஜச் சண்டையில தோத்தவர். 2021ல 'சார்பட்டா பரம்பரை' வந்ததுக்கு அப்புறம் வட சென்னைப் பெரியவங்க நிறையப் பேர் பழைய கதைகளைப் பேச ஆரம்பிச்சிருக்காங்க. உங்க வீட்டுல அப்பாவோ மாமாவோ அன்னிக்கு ஸ்டேடியத்துல இருந்திருந்தா கேட்டுச் சொல்லுங்க. அலி கால்ல என்ன போட்டிருந்தார்? வெள்ளைதானா? குஞ்சலம் இருந்துச்சா?